கழுத்துக் கட்டி பெரிதானால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் கணவருக்கு வயது 39. விசைத்தறி ஓட்டுகிறார். ரெண்டு மாசமாக விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். 54 கிலோ இருந்தவர் 44 கிலோ ஆகிவிட்டார். பக்கத்து கிளினிக்கில் ரெண்டு தடவை சளி பார்த்து கிருமி இல்லை என்றார்கள். எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் மெடிக்கல் காலேஜில் சளியை மிஷினில் போட்டுப் பார்த்து டிபி என்றார்கள். அங்கேயே ரத்தம் எடுத்து, எச்.ஐ.வி.யும் இருக்கிறது, சிடி4 வெறும் 38 என்றார்கள். டிபி மாத்திரை ஆரம்பித்து ரெண்டு வாரம் கழித்து எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் ஆரம்பித்தார்கள். காய்ச்சல் விட்டது, ரெண்டு இட்லி கூடவே சாப்பிட்டார். ஆனால் கூட்டு மருந்து ஆரம்பித்த 18ஆம் நாள் மறுபடியும் காய்ச்சல். கழுத்தில் நெல்லிக்காய் அளவில் இருந்த கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. “மருந்து ஒத்துக்கல, எல்லாத்தையும் நிறுத்துங்க, வைத்தியரிடம் கூட்டிப் போகலாம்” என்கிறார் கொழுந்தனார். அவருக்கு டிபி என்று மட்டும்தான் தெரியும். பயந்துபோய் மூன்று நாளாக எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை. டிபியை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கூட்டு மருந்து எடுக்கலாமா? ஒரே மாத்திரையை ஏன் ஒரு நாளில் ரெண்டு தடவை தரச் சொல்கிறார்கள்? பெரிய வெள்ளை மாத்திரை எதற்கு? எனக்கும் ஆறு வயது மகளுக்கும் எச்.ஐ.வி. இல்லை என்று வந்திருக்கிறது. தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா? பெயர், ஊர் போட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போன் நம்பர் எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களோடு பேச முடிந்தது. இதே பயத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு வீட்டுக்கும் பயன்படட்டும் என்றுதான் அன்று பேசியதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அன்று நான் முதலில் கேட்டது கட்டியைப் பற்றி இல்லை, ஞாபகம் இருக்கும். கண் மஞ்சளாக இருக்கிறதா? சாப்பிட்டது தங்காமல் வாந்தி வருகிறதா? உடம்பில் தடிப்பு உண்டா? தாங்க முடியாத தலைவலியோ, பேச்சில் குழப்பமோ இருக்கிறதா? பார்வை மங்கலாகத் தெரிகிறதா? நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் “இல்லைங்க” என்றீர்கள். அதற்குப் பிறகுதான் அன்று ராத்திரியே எல்லா மாத்திரைகளையும் தொடரச் சொன்னேன், மறுநாள் காலையில் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் போய் நிற்கச் சொன்னேன். இவற்றில் ஒன்றுக்காவது “ஆமாம்” என்றிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். மஞ்சள் கண்ணும் வாந்தியும் கல்லீரல் பாதிப்பின் அடையாளம். தலைவலியும் குழப்பமும் மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். அந்த நிலையில் போனில் யோசனை கேட்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

இனி உங்கள் கேள்விகள். ரெண்டு தடவை சளியில் இல்லாத கிருமி மூன்றாவது தடவை எங்கிருந்து வந்தது, குணமாகிக்கொண்டிருந்தவருக்கு ஏன் கட்டி பெரிதானது என்று ரெண்டு சந்தேகங்கள் உங்கள் கடிதத்தில் தெரிகின்றன. ரெண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

காசநோய் என்றதும் நாம் எதிர்பார்ப்பது நெஞ்சைப் பிடுங்கும் இருமல், கெட்டியான சளி, எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு பொத்தல். அந்தப் பொத்தலைக் கிருமி மட்டும் போடுவதில்லை. நம் எதிர்ப்புச் சக்தி கிருமியைச் சுற்றி வளைத்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் நுரையீரல் சதையும் சேர்ந்து அழிகிறது. அழிந்த இடம் குழியாகி, குழிக்குள் கோடிக்கணக்கில் கிருமி பெருகி, சளியோடு வெளியே வருகிறது. நாங்கள் எக்ஸ்ரேயிலும் மைக்ராஸ்கோப்பிலும் பார்ப்பதில் பாதி அந்தச் சண்டையின் தடயம்தான்.

சிடி4 என்பது அந்தச் சண்டையை நடத்தும் அணுக்களின் கணக்கு. ஆரோக்கியமானவருக்கு 500-க்கு மேல் இருக்கும். உங்கள் கணவருக்கு 38. சண்டை போட ஆளே இல்லை. அதனால் குழி விழவில்லை, சளியில் கிருமி அதிகம் வரவில்லை. கிருமி பாட்டுக்கு ரத்தம் வழியாக நெறிக்கட்டிகளுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பரவிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் லேசான நிழல் இருக்கலாம், நடு நெஞ்சில் நெறிகள் வீங்கியிருக்கலாம், கேழ்வரகு தூவியது போலப் பொடிப்பொடியாகத் தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். நாய் குரைக்கவில்லை என்பதற்காகத் திருடன் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது.

மைக்ராஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5000 முதல் 10000 கிருமியாவது இருக்க வேண்டும். நீங்கள் ‘மிஷின்’ என்று எழுதியிருப்பது சிபிநாட் பரிசோதனை. கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிப்பதால் நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே சொல்லிவிடும். ரெண்டு மணி நேரத்தில் முடிவு வரும், டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் கூடவே தெரிந்துவிடும். ட்ரூநாட் என்று நம் நாட்டிலேயே செய்யப்படும் கருவியும் இதே வேலையைச் செய்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு டிபி சந்தேகம் வந்தால் இந்தப் பரிசோதனையில்தான் தொடங்க வேண்டும். நோய் முற்றியவர்களுக்குச் சிறுநீரில் ஒரு பட்டையை வைத்து அரை மணி நேரத்துக்குள் பார்க்கும் ‘லாம்’ என்ற பரிசோதனையும் உண்டு. சிடி4 குறையக் குறைய மைக்ராஸ்கோப் ஏமாற்றும். ஆனால் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனை அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும். நோய் ரத்தத்தில் ஏறி சிறுநீரகம் வரைக்கும் போய்விடுவதே அதற்குக் காரணம்.

சளி கொடுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. பாதிப் பேர் டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ரெண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். திறந்த வெளியில் நின்று எடுங்கள், மூடிய குளியலறை வேண்டாம். டப்பாவில் நுரையும் தண்ணீருமாகத் தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் முயற்சி செய்யலாம்.

நீங்கள் அனுப்பிய பழைய சீட்டில் லீவோஃப்ளாக்சசின் என்று இருந்ததைப் பார்த்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். சாதாரண நெஞ்சுச் சளிக்கு எழுதப்படும் அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடிக்கும். பத்து நாள் தேவலாம் போல இருக்கும், நோய் மறைந்து நிற்கும், நோயைக் கண்டுபிடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். காரணம் தெரியாத இருமலுக்கு, சளியை இப்படிப் பரிசோதிக்கும் முன்பே அந்த மருந்தைத் தொடங்கக் கூடாது. இதை என்னுடைய சக மருத்துவர்களையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கட்டிக்கு வருகிறேன். கூட்டு மருந்து எச்.ஐ.வி.யை அடக்கியதும் சிடி4 அணுக்கள் திரும்ப வரத் தொடங்குகின்றன. வந்ததும் அவை பார்ப்பது நெறிக்கட்டிகளிலும் நுரையீரலிலும் குவிந்து கிடக்கும் காசநோய்க் கிருமிகளை. அவற்றில் பெரும்பகுதி டிபி மாத்திரையால் ஏற்கெனவே செத்திருக்கும். ஆனாலும் புதிதாக வந்த படைக்கு அது தெரியாது. ரெண்டு மாதத்துக்கு முன்பு நடந்திருக்க வேண்டிய சண்டை இப்போது நடக்கிறது. காய்ச்சல் வருகிறது, நெறி வீங்குகிறது, சிலருக்கு நெஞ்சில் நீர் கோக்கிறது, நன்றாக இருந்த எக்ஸ்ரே கூட மோசமாகத் தெரிகிறது. இதை நாங்கள் ஐரிஸ் என்போம். கூட்டு மருந்து ஆரம்பித்த முதல் மூன்று மாதத்துக்குள், பெரும்பாலும் ரெண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் வரும். சிடி4 எவ்வளவு குறைவாக இருந்ததோ அவ்வளவுக்கு இது வர வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டுக்காரருக்கு 18ஆம் நாள் வந்தது, 38 என்ற எண் என எல்லாம் அப்படியே பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதால் மட்டும் ஐரிஸ் என்று முடிவு கட்டிவிட முடியாது. மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக இருந்தாலும் கட்டி வளரும். மாத்திரையை ஒழுங்காக விழுங்காவிட்டாலும் வளரும். வேறு கிருமியோ, நெறிப் புற்றோ கூட ஒளிந்திருக்கலாம். அதனால்தான் மையத்தில் கட்டியிலிருந்து ஊசி வழியாக நீர் எடுத்து மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிற கிருமிதான், வேறொன்றும் இல்லை என்று வந்ததும் ப்ரெட்னிசலோன் தொடங்கினார்கள். அது வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு. அவர்கள் சொன்ன நாளில், சொன்ன அளவுக்கு மட்டும் குறையுங்கள். வீக்கம் வற்றிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், திரும்ப வந்தால் கடையில் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். கட்டி உடைந்து சீழ் வந்தாலும் பதற வேண்டாம், சுத்தமான துணி வைத்து மூடி மையத்துக்குக் கூட்டிப் போங்கள். அதன்மேல் சுண்ணாம்பு, மஞ்சள், பற்று எதையும் போடாதீர்கள்.

டிபியை முதலில் முடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கூட்டு மருந்து எடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு காலத்தில் நாங்களே அப்படி யோசித்திருக்கிறோம். ரெண்டும் சேர்ந்தால் உடம்பு தாங்காது, ஐரிஸ் வரும் என்று பயந்தோம். கம்போடியாவில் உங்கள் கணவர் மாதிரி சிடி4 மிகக் குறைந்திருந்த 661 காசநோயாளிகளை வைத்து இதைப் பரிசோதித்தார்கள். ஒரு பாதிக்கு டிபி மாத்திரை ஆரம்பித்த ரெண்டாவது வாரத்தில் கூட்டு மருந்து, மறு பாதிக்கு எட்டாவது வாரத்தில். 2011-இல் முடிவு வெளியானது. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு ஐரிஸ் அதிகம் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பிரிவில் இறந்தவர்கள் 59 பேர், தாமதமாகத் தொடங்கிய பிரிவில் 90 பேர். கட்டி வீங்குவதைச் சமாளிக்க மருந்து இருக்கிறது. காத்திருக்கும் ஆறு வாரத்தில் போன உயிரைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. அதனால்தான் இப்போது ரெண்டு வாரத்துக்குள் தொடங்கச் சொல்கிறோம். மூளைக் காய்ச்சலாக வரும் டிபிக்கு மட்டும் நாலு முதல் எட்டு வாரம் பொறுப்போம், மூடிய மண்டைக்குள் வீக்கம் வந்தால் ஆபத்து என்பதால்.

இந்த மருந்தே கிடைக்காத காலத்தை நான் பயிற்சி மருத்துவராகப் பார்த்திருக்கிறேன். டிபி மாத்திரை கொடுப்போம், காய்ச்சல் விடும், நோயாளி ஒரு வாரம் எழுந்து உட்கார்ந்து பேசுவார், அப்புறம் வேறு ஏதாவது ஒரு கிருமி வந்து கொண்டுபோய்விடும். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய மையங்களில், காசநோய்க்கான பழைய ஆஸ்பத்திரியான தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதற்குப் பிறகு அதே மாதிரி நோயாளிகள் வேலைக்குத் திரும்பிப் போனதையும் கண்ணால் பார்த்தேன். உங்கள் கணவரின் மாத்திரை டப்பாவை நான் அந்த ஞாபகத்தோடுதான் பார்க்கிறேன்.

ஒரே மாத்திரை ரெண்டு தடவை என்று நீங்கள் கேட்டது டோலுடெக்ராவிர். தினம் சாப்பிடும் கூட்டு மாத்திரைக்குள் அது 50 மில்லிகிராம் இருக்கிறது. டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு டோலுடெக்ராவிரைச் சீக்கிரமே கரைத்து வெளியேற்றிவிடும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் 12 மணி நேரம் கழித்துத் தனியாக இன்னொரு 50 மில்லிகிராம். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் ரெண்டு வாரம் அது தொடர வேண்டும். வயிற்று எரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி எதையும் இந்த மாத்திரையோடு சேர்த்துத் தராதீர்கள். மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சத்துக்கு என்று சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரை யாராவது கொடுத்தால் மையத்தில் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. 44 கிலோவுக்கு டிபி மாத்திரை தினம் மூன்று. எடை கூடி 50-ஐத் தொட்டால் நாலாக மாற்றுவார்கள், அதனால் ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய வெள்ளை மாத்திரை கோட்ரைமாக்சசோல். உங்கள் கடிதத்தில் அதைப் பின்னால்தான் கேட்டிருந்தீர்கள், என் கணக்கில் அது முன்வரிசையில் இருக்க வேண்டியது. சிடி4 இவ்வளவு இறங்கியவர்களுக்கு நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் ஒரு நிமோனியா வரும். 1981 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்ததைப் பற்றிய குறிப்பில்தான் எய்ட்ஸின் கதையே தொடங்குகிறது. சளி வராத வறட்டு இருமல், நாளுக்கு நாள் கூடும் மூச்சிரைப்பு. ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சு சுத்தமாகக் கேட்கும், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் சரியாகவே இருக்கும். ஒருமுறை இப்படி ஒருவர் என் எதிரே உட்கார்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், விரல் கருவியில் ஆக்சிஜன் 96. எனக்குச் சமாதானம் ஆகவில்லை. வராந்தாவில் ஒரு தடவை போய் வரச் சொன்னேன். திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது 85. அதே கோட்ரைமாக்சசோலை அதிக அளவில் 21 நாள் கொடுத்தோம், ஸ்டீராய்டும் சேர்த்து. பிழைத்துக்கொண்டார். உங்கள் கணவருக்கு அந்த நோய் வராமலே தடுக்க தினம் ஒரு மாத்திரை. சிடி4 350-ஐத் தாண்டி நிலையாக நின்ற பிறகு டாக்டரே நிறுத்துவார்.

தட்டு, டம்ளர் தனியாக வேண்டாம். காசநோய் காற்றில் வரும், தட்டில் வராது. எச்.ஐ.வி.யும் சேர்ந்து சாப்பிடுவதால் வராது. முதல் சில வாரம் இருமும்போது துணியால் வாயை மூடட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மகள் பக்கத்து அறையில் படுக்கட்டும். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இதே சந்தேகத்தைத்தான் முதலில் கையில் எடுத்தது. நெருக்கமான ஏழை வீடுகளில் வைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களையும், சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்கள் வீட்டு மனிதர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் சானடோரியங்களை மூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் நீங்களும் மகளும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரெண்டு பேரும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நோய் இல்லை என்று உறுதியானால், காசநோய் வராமல் தடுக்கும் மாத்திரையைச் சாப்பிடுங்கள். காசநோய்ப் பிரிவில் இலவசமாகத் தருவார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை உங்களுக்கு மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை தேவை. அதுவரை மட்டுமல்ல, அவர் ரத்தத்தில் வைரஸ் அளவு அடங்கிவிட்டது என்று மையத்தில் சொல்லும்வரை ஆணுறை அவசியம். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்கள் தினமும் பேசுகிற விஷயம்தான்.

கொழுந்தனாரிடம் எதைச் சொல்வது என்று போனில் தயங்கினீர்கள். டிபி என்று அவருக்குத் தெரிந்தது போதும். “உள்ளே இருந்த நோயை உடம்பு இப்போதுதான் எதிர்க்க ஆரம்பித்திருக்கிறது, அதனால் கட்டி வீங்குகிறது, டாக்டர் பார்த்துவிட்டார்” என்று சொல்லுங்கள். அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. எச்.ஐ.வி. விஷயம் உங்கள் கணவரின் சொந்த விஷயம். அவர் சம்மதமில்லாமல் அதை வெளியில் சொல்லக் கூடாது என்று 2017-இல் வந்த சட்டமே சொல்கிறது. அதைக் காரணம் காட்டி முதலாளி வேலையை விட்டு நிறுத்துவதற்கும் அந்தச் சட்டத்தில் தடை இருக்கிறது. சொல்வதா வேண்டாமா என்று அவர் நிதானமாக முடிவு செய்யட்டும். இதற்கு நடுவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

வைத்தியரைப் பற்றி ஒரு வார்த்தை. காசநோயோ எச்.ஐ.வி.யோ எண்ணெயிலும் லேகியத்திலும் போகாது. உடம்பு தேற வேண்டுமென்றால் முட்டை, பருப்பு, நிலக்கடலை, பால் கொடுங்கள். சிகிச்சை நடக்கும் மாதங்களில் சத்துணவுக்கு என்று அரசு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது, பாஸ்புக் நகலைக் காசநோய்ப் பிரிவில் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

அடுத்த தடவை மையத்துக்குப் போகும்போது காலி மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், நிறுத்தி வைத்த மூன்று நாளையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம். எந்த நாள் விட்டுப்போனது என்று தெரிந்தால்தான் அடுத்த பரிசோதனையின் முடிவை அவர்களால் சரியாகப் படிக்க முடியும். கட்டி சிறுத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.